படகில் ஜிபிஎஸ், வயர்லெஸ், எக்கோ சவுண்டர்: உப்பிலிருந்து காப்பாற்றுவது எப்படி?

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகின்றன. தண்ணீர் காய்ந்துவிடும், அது விட்டுப்போகும் உப்பு போகாது.

ஜிபிஎஸ்ஸைப் பாலித்தீன் பையில் போட்டு, ரப்பர் பேண்ட் மாட்டித்தான் வைத்திருக்கிறேன். அப்படியும் உள்ளே வேர்க்கிறதே?
*(ஃபைபர் படகு, நாகப்பட்டினம்)*

பையைக் கட்டும்போது கடற்காற்றையும் சேர்த்துத்தானே கட்டுகிறீர்கள்! பகலில் அது சூடாகி, ராத்திரி குளிர்ந்ததும் முத்து முத்தாக உள்ளே படிகிறது. செட்டின் மேல் ஏற்கெனவே உப்பு இருந்தால் இன்னும் மோசம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சாப்பாட்டு உப்பு தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே பிசுபிசுக்கும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி கசிகிற அதே கதைதான்.

கடலில் தண்ணீர் தெறிக்கும்போது பை இருக்கட்டும், தப்பில்லை. கரைக்கு வந்ததும் கழற்றுங்கள். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் காயவிட்டு, மூடியுள்ள டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிப் பொட்டலத்தோடு வையுங்கள். நீல மணி ரோஸ் நிறமாகிவிட்டால் அது ஈரத்தைக் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம். சூடாக்கினால் மறுபடி நீலமாகும். ஆனால் சமையல் சட்டியில் வறுக்க வேண்டாம், அந்த நீலம் கோபால்ட் உப்பு, விஷம்.

வயர்லெஸ்ஸில் மற்றவர்கள் பேசுவது நன்றாகக் கேட்கிறது. நான் பட்டனை அமுக்கிப் பேசினால் செட் அணைந்து அணைந்து எரிகிறது. செட் போய்விட்டதா?
*(விசைப்படகு, ராமேஸ்வரம்)*

செட்டை விற்றுவிடாதீர்கள். பத்தில் ஒன்பது தடவை குற்றவாளி வயர்தான்.

கேட்கும்போது செட் அரை ஆம்பியர்கூட இழுக்காது. 25 வாட்டில் பேசும்போது ஐந்து, ஆறு ஆம்பியர் இழுக்கும். பேட்டரி முனையிலோ ஃபியூஸ் கூட்டிலோ களிம்பு ஏறி அரை ஓம் தடை வந்திருந்தால், கேட்கும்போது ஒன்றும் தெரியாது. பேசும்போது இரண்டரை வோல்ட் அங்கேயே போய்விடும். 12.5-ல் இருந்து 10 வோல்ட்டுக்கு இறங்கினால் செட் என்னதான் செய்யும்?

மல்டிமீட்டரை செட்டின் பின்பக்க வயரில் வைத்து, ஒருவரைப் பட்டனை அமுக்கச் சொல்லுங்கள் (16-ஆம் சேனலில் வேண்டாம், அது ஆபத்துக்கும் அழைப்புக்கும் உள்ளது). அமுக்கியதும் வோல்ட் சரிந்தால், அதே நேரத்தில் பேட்டரி முனையிலும் பாருங்கள். அங்கேயும் சரிந்தால் பேட்டரியே சோர்ந்திருக்கிறது. அங்கே சரியாமல் செட்டில் மட்டும் சரிந்தால் நடுவில்தான் கோளாறு. நெகட்டிவ் வயரையும் விடாமல் பாருங்கள், எல்லோரும் மறப்பது அதைத்தான்.

வயரின் உறையைக் கொஞ்சம் சீவிப் பாருங்கள். செம்பு பளபளப்பாக இல்லாமல் கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால், உப்புத் தண்ணீர் இழைகளுக்கு நடுவே ஊறி உள்ளே ஏறியிருக்கிறது. நல்ல செம்பு தெரியும்வரை வெட்டுங்கள். மாற்றுவதென்றால் வெள்ளீயம் பூசிய செம்பு இழைகளாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டு வயர் மலிவு, ஆனால் படகில் நிற்காது. முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் பழக்கத்தையும் விடுங்கள். டேப் ஈரத்தைத் தடுப்பதில்லை, பிடித்து வைக்கிறது.

பேட்டரி முனையை முதலில் சுரண்டி, இறுக்கி, அதற்கு அப்புறம்தான் மேலே வாஸ்லின். படகைக் கட்டிய பிறகு மெயின் சுவிட்சையும் அணையுங்கள். உப்பு ஈரத்தில் மின்சாரமும் இருந்தால் பாசிட்டிவ் முனையைப் பல மடங்கு வேகமாகத் தின்றுவிடும். தானாக ஓடும் தண்ணீர் பம்பு இருந்தால் அதற்கு மட்டும் தனி லைன் கொடுங்கள்.

செட் வந்த பெட்டியில் ஐபி67 (தூசி, தண்ணீர் தாங்கும் தரக் குறியீடு) என்று போட்டிருக்கிறது. குழாயைப் பிடித்துக் கழுவலாமா?
*(தூத்துக்குடி)*

வேண்டாம். ஒரு மீட்டர் ஆழத்தில், அசையாத நல்ல தண்ணீரில், அரை மணி நேரம் தாங்கும் என்பதுதான் 67-இல் வரும் 7. பீய்ச்சி அடிப்பது வேறு சோதனை. வெயிலில் கொதிக்கிற செட்டில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் உள்ளே காற்று சுருங்கி, தேய்ந்த ரப்பர் வழியாகத் தண்ணீரை உறிஞ்சவும் செய்யும். துடைத்தால் போதும்.

உச்சி வெயிலில் எக்கோ சவுண்டர் (கடல் ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டும் கருவி) திரை கறுத்துவிடுகிறது, சாயங்காலம் சரியாகிறது.
*(கடலூர்)*

திரைக்குள் இருக்கும் திரவப் படிகம் அளவுக்கு மீறிச் சூடானால் அப்படித்தான் கறுக்கும், ஆறினால் திரும்பும். தினமும் அப்படிக் காய்ந்தால் ஒரு நாள் திரும்பாது. கூரை நிழல் விழும் இடத்துக்கு மாற்றுங்கள். வேலை இல்லாதபோது வெளிர் நிற உறை போடுங்கள். கறுப்பு ரெக்சின் உறை வெயிலை இழுக்கும். தின்னர், பெட்ரோல் தொட்டுத் துடைக்கவே கூடாது. அப்புறம், போலராய்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பார்த்தாலும் திரை கறுப்பாகத் தெரியலாம், போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டும் ஒரு முறை பாருங்கள்!

கை வாக்கி-டாக்கி கடலில் விழுந்து எடுத்தோம். அரிசியில் போட்டு வைக்கலாமா?
*(குளச்சல்)*

அரிசி உப்பை எடுக்காது. ஆன் ஆகிறதா என்று அமுக்கிப் பார்க்காதீர்கள், அங்கேதான் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகை கருகுகிறது. உடனே பேட்டரியைக் கழற்றி, குடிக்கக் கொண்டுபோன தண்ணீரிலேயே நன்றாக அலசுங்கள். உப்பு காய்வதற்குள் அலசினால்தான் பிழைக்கும். கரைக்கு வந்ததும் மெக்கானிக்கிடம் கொடுத்து, திறந்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் புகுந்த லித்தியம் பேட்டரியை மறுபடி சார்ஜ் போட வேண்டாம், தீப்பிடிக்கும்.

மீன்பிடித் தடைக்காலத்தில் செட்டுகளைப் படகிலேயே விடலாமா?
*(காசிமேடு)*

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், அதுவும் கத்திரி வெயில். கழற்ற முடிந்ததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். படகில் தொங்கும் பிளக்குகளைத் துடைத்துக் காயவைத்து, சிலிகான் கிரீஸ் மெல்லிசாகத் தடவி, மூடி போடுங்கள். ஆன்டெனா கேபிள் முனைக்குப் பிசின் டேப் போதாது. இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் கேட்டு வாங்குங்கள். பேட்டரியை மாதம் ஒரு முறையாவது சார்ஜ் போடுங்கள். ஜூன் முதல் வாரமே எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்துவிடுங்கள், 14-ஆம் தேதி மெக்கானிக் கிடைக்க மாட்டார்.