புள்ளி வைக்கவும் அனுமதி வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

மெல்பர்னில் இருக்கிறேன். மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியம் பற்றிய பாடத்துக்காக, புள்ளி புள்ளியாக ஒரு கங்காரு வரைந்து எடுத்துப்போனாள். டீச்சர் பாராட்டிவிட்டு, 'இந்தப் பாணியை நாம் அப்படியே எடுத்து வரைவதில்லை' என்று சொல்லியிருக்கிறார். பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. கலை எல்லோருக்கும் பொதுதானே? நம் கோலத்தை யார் போட்டாலும் நாம் சண்டைக்கா போகிறோம்? அதோடு, இந்தப் புள்ளி ஓவியமே 1971இல் ஒரு வெள்ளைக்கார வாத்தியார் பெயிண்ட் கொடுத்து ஆரம்பித்தது என்று படித்தேன். ஐம்பது வருஷப் பாணிக்கு இத்தனை கட்டுப்பாடா? அடுத்த முறை ஊருக்கு வரும்போது தம்பிக்கு ஒரு டிட்ஜெரிடூ (அவர்களுடைய நீளமான மர ஊதுகுழல்) வாங்கிவர நினைத்திருந்தேன். அதுவும் தப்பா?

ர., மெல்பர்ன்

அன்புள்ள ர.,

வாத்தியார் கதை பாதிதான் சரி. ஜெஃப்ரி பார்டன் 1971இல் பப்புன்யா பள்ளிக்கு ஓவிய ஆசிரியராகப் போனார். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து சுமார் 240 கிலோமீட்டர் தள்ளி, பல பாலைவன மக்களை அரசாங்கம் ஒரே இடத்தில் குடியமர்த்தியிருந்த ஊர் அது. அங்கிருந்த பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேன் எறும்பின் கதையை வரைந்தார்கள். அப்புறம் கையில் கிடைத்த பலகையில் எல்லாம் வரைந்தார்கள். அடுத்த வருஷமே பப்புன்யா தூலா என்று தங்களுக்கே சொந்தமான ஒரு கம்பெனியும் ஆரம்பித்தார்கள். இதில் பெயிண்டும் பலகையும்தான் புதுசு. ஓவியங்களில் வரும் வட்டங்களையும் தடங்களையும் தலைமுறை தலைமுறையாக மணலிலும் உடம்பிலும் கேடயத்திலும் போட்டுவந்தவர்கள் அவர்கள்.

மணலில் போட்டது சடங்கு முடிந்ததும் அழிந்துவிடும். பலகை அழியாது, விற்பனைக்கும் கண்காட்சிக்கும் போகும். சடங்கில் சேர்க்கப்பட்ட ஆண்கள் மட்டுமே பார்க்கவேண்டிய விஷயங்கள் ஆரம்பகாலப் பலகைகள் சிலவற்றில் வெளிப்படையாகவே இருந்தன. மற்ற ஊர்ப் பெரியவர்கள் கொதித்துப்போனார்கள். அதன் பிறகு அந்த உருவங்கள் குறைந்தன, புள்ளிகள் பெருகின. காட்டக்கூடாததை மூடவும் புள்ளி பயன்பட்டது. நீங்கள் அலங்காரம் என்று நினைப்பது பல ஓவியங்களில் திரையும்கூட.

சரி, யார் வரையலாம்? அதே பாலைவனத்து வால்பிரி மக்களிடம், ஓவியத்தில் வரும் ஒரு கதை தந்தை வழியில் வருபவர்களுக்குச் சொந்தம். அவர்களை கிர்டா என்பார்கள். ஆனால் கிர்டா தன் இஷ்டத்துக்கு எதையும் செய்துவிட முடியாது. அந்தக் குடும்பத்துப் பெண்களின் பிள்ளைகளுக்கு குர்துங்குர்லு என்று பெயர். எல்லாம் முறைப்படி நடக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் பொறுப்பு. மாமா தப்பாக வரைந்தால் மருமகன் தட்டிக்கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பாட்டுக்கும் இதே முறைதான். ஓவியமும் அதற்கான பாட்டும் ஆட்டமும் அவர்களிடம் தனித்தனிச் சொத்து இல்லை.

கோல உதாரணம் இந்த இடத்தில்தான் உதவாமல் போகிறது. நம் வாசல் கோலம் யாருடைய நிலத்துக்கும் சாட்சி சொல்வதில்லை. அவர்களுடையது சொல்கிறது. 1963இல் வடக்கே யிர்கலாவில், யோல்ங்கு மக்களைக் கேட்காமலே அவர்கள் நிலத்தை பாக்சைட் சுரங்கத்துக்கு ஒதுக்கினார்கள். அவர்கள் தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் மனுவைத் தட்டச்சு செய்து, மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் தங்கள் குலங்களின் ஓவியங்களை வரைந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அவர்களைப் பொறுத்தவரை அந்த ஓர ஓவியம்தான் நிலப் பத்திரம். பிறகு வழக்குக்குப் போனபோது, நீதிமன்றம் 1971இல் அவர்கள் உரிமையை ஏற்கவில்லை. உங்களிடம் சட்டம் இருக்கிறது, ஆனால் அது நாங்கள் சொல்லும் சொத்துரிமை ஆகாது என்றது. வடக்குப் பிரதேசத்துக்கு நில உரிமைச் சட்டம் வர 1976 ஆயிற்று. அந்த மரப்பட்டை மனு இன்று கான்பெராவில் நாடாளுமன்றக் கட்டடத்தில் காட்சிக்கு இருக்கிறது.

'கலை பொது' என்ற உங்கள் வாதத்தை ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கி ஏற்கெனவே செயல்படுத்திப் பார்த்திருக்கிறது. 1966இல் வந்த ஒரு டாலர் நோட்டின் பின்புறத்தில் ஒரு மரப்பட்டை ஓவியம் இருந்தது. குர்மிரிங்கு என்ற மூதாதை வேட்டைக்காரனின் இறுதிச் சடங்கு அது. பெயர் தெரியாத யாரோ எப்போதோ வரைந்தது என்று நினைத்துவிட்டார்கள். வரைந்த டேவிட் மாலங்கி வடக்கே ஆர்னெம் லாண்டில் உயிரோடு இருந்தார். விஷயம் வெளியே வந்ததும் 1,000 டாலர், ஒரு பதக்கம், ஒரு மீன்பிடி சாமான் பெட்டி கொடுத்தார்கள். தூண்டில் பெட்டி! நாட்டின் நோட்டில் போட்டுக்கொள்ள அந்த ஓவியம் வேண்டும், வரைந்தவர் யார் என்று விசாரிக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. 90களில் இன்னும் மோசம். காலில் மிதிக்கும் கம்பளங்களில் இப்படிப்பட்ட ஓவியங்களை வியட்நாமில் நெய்து கொண்டுவந்து விற்றார்கள். ஓவியர்கள் வழக்குப் போட்டு 1994இல் ஜெயித்தார்கள்.

உங்கள் மகள் ஒரு குற்றமும் செய்யவில்லை. புள்ளி யாருக்கும் சொந்தமில்லை, பிரான்சில் சூரா என்ற ஓவியரும் புள்ளியால்தான் வரைந்தார். ஒரு மக்களின் பாணியையும் குறிகளையும் அவர்கள் கதை தெரியாமல் எடுத்துக்கொள்வதுதான் சிக்கல். அந்த வகையில் டீச்சர் சொன்னது சரி, பிள்ளையிடம் கொஞ்சம் விளக்கிச் சொல்லியிருக்கலாம். ஒரு சனிக்கிழமை அவளை ஃபெடரேஷன் சதுக்கத்து என்.ஜி.வி. ஓவியக்கூடத்துக்கு அழைத்துப் போங்கள். ஓவியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அட்டையில் ஓவியரின் பெயரோடு அவர் எந்த மக்களைச் சேர்ந்தவர் என்றும் இருக்கும், அதைப் படிக்கச் சொல்லுங்கள். கங்காருவை அவள் தன் கைக்கு வந்தபடி வரையட்டும்.

டிட்ஜெரிடூ தாராளமாக வாங்கலாம், ஆனால் நினைவுப்பொருள் கடையில் வேண்டாம். அது வடக்குப் பகுதிக்காரர்களின் வாத்தியம், உங்கள் விக்டோரியா மாநிலத்துக்கு உரியதே இல்லை. யோல்ங்கு அதை யிடாகி என்பார்கள். கரையான் உள்ளே தின்று குடைந்த யூகலிப்டஸ் மரத்தைத் தேடி வெட்டிச் செய்வது. கடைகளில் இந்தோனேசியச் சரக்கு நிறைய. அப்படிப்பட்ட பொருட்களைப் பழங்குடியினர் கையால் செய்தவை என்று விற்ற ஒரு கம்பெனிக்கு 2019இல் 23 லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள். யிர்கலாவிலேயே புகு-லார்ங்கை முல்கா என்ற கலை மையம் இருக்கிறது. அங்கே கேளுங்கள், செய்தவர் பெயரோடு கிடைக்கும். விலை கூடத்தான். ஒரு மீட்டருக்கு மேல் நீளம் இருக்கும், விமானத்தில் ஏற்றுவது உங்கள் பாடு.