இரண்டு சமூகங்களுக்கு இடையே மரபணுத் தூரம் அளக்க எந்த மென்பொருள் நல்லது?

பெயர் மட்டும் போதும் என்றால், பிளிங்க். இலவசம், சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும், 2007-லிருந்து உலகம் முழுக்கப் புழங்குகிறது. இதோடு முடித்துக்கொண்டிருப்பேன். ஆனால் கேள்விக்குக் கீழே, "எங்கள் ஆட்கள் இருபது பேரின் டிஎன்ஏ ஃபைல் இருக்கிறது, பக்கத்துச் சமூகத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்று காட்ட வேண்டும்" என்று விளக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு சும்மா போக மனசு வரவில்லை.

என் சொந்தத்திலேயே ஒருவர், சித்தப்பா முறை, ஒரு சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறார். எச்சில் குப்பி அனுப்பினால் வம்சாவளி சொல்லும் கம்பெனி ஒன்றில் தெரிந்தவர்கள் எல்லோரையும் டெஸ்ட் எடுக்க வைத்து, அந்த ஃபைல்களை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்தார். "தம்பி, நீ கம்ப்யூட்டர்ல போட்டா அஞ்சு நிமிஷத்துல வந்துருமாமே, சங்க மலருக்கு வேணும்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கணக்குப் போடும் கட்டளை உண்மையிலேயே ஒரு வரிதான்.

நான் முதலில் பார்த்தது தூரத்தை இல்லை, உறவை. கிங் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. யாருக்கு யார் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று எண்ணாகவே சொல்லிவிடும். உடன்பிறந்தவர்களுக்கு 0.25, தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் 0.125, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளுக்கு 0.06 அளவில் வரும். சொந்தமே இல்லை என்று அவர் சத்தியம் செய்த இரண்டு பேருக்கு 0.12 வந்து நின்றது. போனில் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அட, அவங்க அப்பாமாரு அண்ணன் தம்பி, கட்டினது அக்கா தங்கச்சிய" என்றார். அப்புறம் பட்டியலைத் தோண்டத் தோண்ட மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று முக்கால்வாசிப் பேர் மூன்று குடும்பத்துக்குள் அடங்கிவிட்டார்கள். நம் ஊரில் இது சகஜம். ஆனால் மூன்று குடும்பத்தை வைத்து ஒரு சமூகத்தின் அலீல் விகிதத்தை (ஒரு மரபணு இடத்தின் ஒவ்வொரு வடிவமும் எத்தனை சதவீதம் என்பதை) கணக்கிட்டால் கிடைப்பது அந்த மூன்று குடும்பத்தின் தூரம்தான். நெருங்கிய சொந்தங்களை நீக்கிவிட்டு ஓட்டியபோது எண் பாதிக்கும் கீழே இறங்கியது. சித்தப்பாவின் முகமும்.

ஒப்பிட எடுத்தது, உலகின் பல மக்களின் டிஎன்ஏவைப் படித்து வெளியிட்ட ஆயிரம் ஜீனோம் திட்டத்தின் தரவு. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். 2015-ல் வந்த அதன் மூன்றாம் கட்டத்தில் 26 மக்கள்தொகைகள், 2504 பேர். தெற்காசியாவுக்கு ஐந்து: ஹூஸ்டனில் வாழும் குஜராத்திகள், லாகூர் பஞ்சாபிகள், வங்கதேச வங்காளிகள், பிரிட்டனில் வாழும் தெலுங்கர்கள், பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள். கடைசி இரண்டிலும் தலா 102 பேர். அந்த 102 பேரை "தமிழர்" என்று மொத்தமாக எடுத்துக்கொண்டு நெட்டில் போடும் சண்டை இருக்கிறதே, அதைப் பற்றிப் பேசினால் பதில் முடியாது.

நீங்களும் இதையே எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் ஒரு எச்சரிக்கை. உங்கள் ஃபைல் பெரும்பாலும் கம்பெனி சிப்பில், குறித்த இடங்களை மட்டும் படித்தது; ஆயிரம் ஜீனோம் தரவு சீக்வென்சிங், அதாவது டிஎன்ஏ எழுத்துகளை வரிசையாகப் படித்தது. இரண்டையும் இணைக்கும்போது இழை திசை மாறிய ஸ்னிப்கள் (ஆளுக்கு ஆள் ஓர் எழுத்து மாறும் டிஎன்ஏ இடங்கள்) கலந்துவிடும். குறிப்பாக எந்த இழையில் படித்தது என்றே சொல்ல முடியாத ஏ-டி, சி-ஜி ஜோடிகளைத் தூக்கி எறியாவிட்டால், லேப் வித்தியாசம் மரபணு வித்தியாசம் போல வேஷம் போட்டு வரும். மென்பொருள் எச்சரிக்காது. எதைக் கொடுத்தாலும் நாலு தசம ஸ்தானம் வரை சொல்லும்.

அடுத்து, பிளிங்க் 1.9 எஃப்எஸ்டி (இரண்டு கூட்டங்களின் மரபணுத் தூரத்தைச் சொல்லும் அளவு) கணக்கை முடித்ததும் லாக் ஃபைலில் இரண்டு எண்களை எழுதும்: ஒன்று சாதாரண சராசரி, இன்னொன்று எடையிட்ட சராசரி. எடையிட்டதை எடுங்கள். ஒவ்வொரு ஸ்னிப்புக்கும் தனித்தனியாக விகிதம் கண்டு சராசரி எடுத்தால் அரிய ஸ்னிப்கள் எண்ணைக் கீழே இழுத்துவிடும். இது சில்லறை விஷயம் இல்லை. ஒரே ஜோடி மக்களுக்கு சிப் தரவில் வந்த எண்ணும் சீக்வென்சிங் தரவில் வந்த எண்ணும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசப்பட்டு, ஏன் என்று விளக்க 2013-ல் தனியாக ஒரு கட்டுரையே எழுத வேண்டி வந்தது. பிளிங்க் 2-ல் எஃப்எஸ்டி கணக்கிடும் ஹட்சன் முறைதான் இயல்பாக ஓடும், நான் இப்போது அதைத்தான் வைத்துக்கொள்கிறேன். சில இடங்களில் மைனஸ் எண் வரும். "மைனஸ் தூரம்னா நாங்க அவங்களுக்குள்ள இருக்கோமா?" என்று சித்தப்பா கேட்டார். பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

சரி, எண் பெரிதாகவே வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் "நாங்கள் வேறு இடத்திலிருந்து வந்தவர்கள்" என்று அர்த்தம் ஆகாது. எஃப்எஸ்டி அளப்பது அலீல் விகித வேறுபாட்டை மட்டும். சின்னக் கூட்டம் பல தலைமுறையாகத் தனக்குள்ளேயே கட்டிக்கொண்டால் விகிதம் தானாக விலகும், பக்கத்துத் தெருவிலேயே இருந்தாலும். 2009-ல் மரபணு ஆய்வாளர் டேவிட் ரைக்கின் குழு இந்தியாவின் 25 குழுக்களை ஆராய்ந்தபோது குழுக்களுக்கு இடையே சராசரி எஃப்எஸ்டி 0.0109 வந்தது, ஐரோப்பியக் குழுக்களுக்கு இடையே 0.0033. மூன்று மடங்கு. காரணம் என்று அவர்கள் சொன்னது அகமணத்தையும் சிறு எண்ணிக்கைத் தொடக்கத்தையும். பழமையைப் பற்றியோ பெருமையைப் பற்றியோ அதில் ஒன்றும் இல்லை.

உடனே "சமூக வாரியாக ஆராய்ச்சியே கூடாது என்கிறாயா" என்று கமென்ட்டில் வராதீர்கள். கூடாது என்று நான் சொல்லவே இல்லை. ஆந்திராவின் வைசியர்களில் பலருக்கு ஒரு என்சைம் குறைபாடு இருக்கிறது. அறுவை சிகிச்சையில் தசை தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் அவர்களுக்கு நெடுநேரம் விலகாது. இதைத் தெரிந்து வைத்திருக்கும் மயக்க மருந்து நிபுணர் ஓர் உயிரைக் காப்பாற்றலாம். 2017-ல் 263 தெற்காசியக் குழுக்களை ஆராய்ந்ததில் 81-ல் இப்படிப்பட்ட நிறுவனர் விளைவு (சிலரிடமிருந்தே பெருகிய கூட்டத்தில் அரிய குறைபாடுகள் அதிகமாவது), அதற்குப் பேர்போன ஃபின்லாந்துக்காரர்களைவிடத் தீவிரமாக இருந்தது. உங்கள் சங்கத்துக்கு இருபது பேர் ஃபைலால் ஏதாவது பிரயோஜனம் உண்டென்றால் இந்தத் திசையில்தான். மலரில் போடுவதற்கு இல்லை.

சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்லிவிடுகிறேன். பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ்காரன் என்றாலே ஓசியில் ஓட்டித் தருபவன் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். நான் முன்பு இருந்த துறையில் வாரக்கணக்கில் தரவைச் சுத்தம் செய்து, படம் போட்டு, திருத்தம் கேட்டவர்களுக்குப் பதிலும் எழுதித் தந்தேன். கட்டுரை வந்தபோது ஆசிரியர் வரிசையில் பென்டிரைவைக் கொண்டு வந்து கொடுத்தவர் பெயர் இருந்தது. என் பெயர் கடைசிப் பக்கத்தில், "கணினி உதவி" என்று. டெக்னீஷியன்கள் கதை இன்னும் மோசம். போகட்டும்.

மறுபடி உங்கள் கேள்விக்கு. முதலில் கிங் ஓட்டி எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று பாருங்கள். பத்துக்குக் கீழே போனால் எஃப்எஸ்டியை விட்டுவிட்டு ஆட்களைப் புள்ளிகளாகக் காட்டும் பிசிஏ படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது மைக்ரோசாட்டலைட் (திரும்பத் திரும்ப வரும் குட்டி டிஎன்ஏ துண்டுகளை எண்ணும் வகை) தரவு என்றால் நான் எழுதியதில் பாதி பொருந்தாது, ஆர்லிக்வின் அல்லது ஜீன்பாப் பக்கம் போக வேண்டும். எந்தத் தரவு, எந்தக் கம்பெனி சிப் என்று கேள்வியில் சேர்த்துவிட்டால் மேலே சொல்ல முடியும். ஃபைலை மட்டும் எனக்கு அனுப்பாதீர்கள்.