விளக்கைத் ‘திறக்கிற’ மாணவர்கள்

அன்புள்ள ஐயா,

நான் மதுரைக்காரி. மூன்று வருஷமாகச் சீனாவில், சுஜோ நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்யும் ஒன்பது பேருக்குச் சனிக்கிழமை தோறும் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். எல்லோரும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஆங்கிலம் படித்தவர்கள். என்னைவிட அதிகமான சொற்களுக்கு அர்த்தம் சொல்வார்கள். ஆனால் அறைக்குள் வந்ததும் “ஓபன் த லைட்” என்கிறார்கள். “கேன் யூ பாரோ மீ யுவர் பென்” என்று கேட்கிறார்கள். இவர்களுக்காக 300 சொற்களுக்கு ஒரு சொற்பட்டியல் தயாரிக்கிறேன். எதிரே சீன அர்த்தத்தை எழுதலாமா, இல்லை சீனமே வேண்டாம் என்று ஆங்கிலத்தில் விளக்கம் எழுதலாமா? நீங்கள் அங்கே நாலு வருஷம் ஆங்கிலம் கற்பித்ததாக எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த விளக்கு விஷயம். சீனத்தில் விளக்கைப் போடுவதற்கும் கதவைத் திறப்பதற்கும் ஒரே வினைச்சொல்தான். நம் காதுக்கு அது ‘கை’ என்றே கேட்கும். கார் ஓட்டுவதும் கை, கூட்டம் நடத்துவதும் கை, பூ மலர்வதும் கை, கம்பெனி தொடங்குவதும் கை. கொதிக்கவைத்த தண்ணீருக்குக் ‘கை ஷுவெய்’ என்று பெயர். உங்கள் தொழிற்சாலையில் வெந்நீர்க் குழாய்க்கு மேலே அந்த இரண்டு எழுத்தையும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருப்பீர்கள். உங்கள் மாணவர் சிறு வயதில் ‘ஓபன்’ என்ற சொல்லை முதன்முதலாகப் படித்தபோது எதிரே ‘கை’ என்று எழுதியிருந்தது. அன்றிலிருந்து கை போகிற இடத்துக்கெல்லாம் ஓபனும் கூடவே போகிறது. அவர் கவனக்குறைவாகப் பேசவில்லை. கற்றுக்கொடுத்த கணக்கைச் சரியாகவே போடுகிறார்.

நமக்கு இது புரியாத விஷயமில்லை. நாம் லைட்டைப் போடுகிறோம், சட்டை போடுகிறோம், காபி போடுகிறோம், கையெழுத்து, ஓட்டு, சண்டை எல்லாமே போடுகிறோம். ‘போடு’ என்றால் ‘புட்’ என்று மட்டும் படித்த நம் பிள்ளை “புட் த லைட்” என்று சொல்லாமல் வேறு என்ன சொல்லும்?

ஆக, சிக்கல் ‘ஓபன் = கை’ என்று போடுகிற அந்தச் சமக்குறியில் இருக்கிறது. அது மிகப் பழைய சமக்குறி. ராபர்ட் மாரிசன் என்ற பாதிரியார் தயாரித்த முதல் பெரிய சீன-ஆங்கில அகராதி 1815 முதல் 1823 வரை சீனக் கடற்கரையிலுள்ள மக்காவு நகரில் அச்சாகி வெளிவந்தது. 1897இல் ஷாங்காயில் தொடங்கிய ‘கமர்ஷியல் பிரஸ்’ அடுத்த வருஷமே ஓர் ஆங்கிலப் பாடநூல் போட்டது. அது எங்கிருந்து வந்தது தெரியுமா? இந்தியப் பிள்ளைகளுக்காக ஆங்கிலேயர்கள் தயாரித்த வாசகப் புத்தகத்தை எடுத்து, சீனத்தில் அர்த்தமும் குறிப்பும் சேர்த்து அச்சிட்டார்கள். நன்றாக விற்றது. சீனாவின் மிகப்பெரிய பதிப்பகங்களில் ஒன்று அந்தப் புத்தகத்தில்தான் காலூன்றியது. நம் முன்னோர் உருப்போட்ட அதே பாடங்களை அந்த ஊர்ப் பிள்ளைகளும் உருப்போட்டார்கள் என்று முதன்முதலாக அறிந்த நாளில், என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் எனக்கு இன்னும் நெருங்கிப்போனார்கள்.

அதே 1898இல் யென் ஃபூ என்ற அறிஞர் ஆங்கிலேய உயிரியலாளர் ஹக்ஸ்லியின் பரிணாமம் பற்றிய நூலைச் சீனத்தில் கொண்டுவந்தார். ஒரு சொல்லை நிலைநிறுத்தப் பத்து நாள், ஒரு மாதம் என்று தயங்கி நின்றதாக அதன் முன்னுரையில் சொல்கிறார். இணைச்சொல்லை உண்டாக்கியவருக்கே ஒரு மாதம். அதை வாங்கிக்கொள்ளும் மாணவருக்கு நாம் ஒரு நொடி தருகிறோம்.

அப்படியானால் சீனத்தை விலக்கிவிடலாமா? நானும் அதைத்தான் செய்தேன். அங்கே ஒரு கல்லூரியில் முதல் பருவம் முழுக்க வகுப்பில் சீனம் கூடாது என்று வைத்திருந்தேன். ‘கிட்னி’ என்ற சொல்லை விளக்கப் பத்து நிமிஷம் ஆனது. இடுப்புக்கு மேலே பின்பக்கம் இரண்டு இருக்கும், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் என்றெல்லாம் சொல்லி முடித்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண் சீனத்தில் ஒரே ஒரு சொல்லை முணுமுணுத்தாள். வகுப்பு முழுவதும் “ஓ” என்றது. அந்தப் பத்து நிமிஷத்தை அவர்களிடமிருந்து நான் பிடுங்கியிருக்கக் கூடாது. சிறுநீரகம், ஒட்டகச்சிவிங்கி, துத்தநாகம் மாதிரி சொற்களுக்குச் சீனச் சொல்லை எழுதிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பெயர்ச்சொல்லிலும் சில இடங்களில் நின்று பார்க்க வேண்டும். நாம் ‘பிளாக் டீ’ என்பதை அவர்கள் ‘ஹோங் சா’, அதாவது சிவப்புத் தேநீர், என்பார்கள். ‘கசின்’ இன்னும் கடினம். சீனத்தில் அதற்கு எட்டுச் சொற்கள் உண்டு: அப்பாவின் சகோதரர் வழியா, மற்ற வழியா, ஆணா பெண்ணா, தன்னைவிட மூத்தவரா இளையவரா. இத்தனையையும் தூக்கிப்போட்டுவிட்டு ‘கசின்’ என்று மொட்டையாகச் சொல்ல அவர்களுக்கு மனசு வராது. பெரியப்பா மகனையும் மாமா மகளையும் ஒரே சொல்லில் அடைக்க நமக்கு வருமா? இதை நீங்கள் சொன்னால் அவர்களுக்குச் சட்டென்று புரியும். வெள்ளைக்கார ஆசிரியரைவிட உங்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது.

ஆங்கிலத்திலேயே விளக்கம் தருகிற நல்ல அகராதிகள் இருக்கின்றன. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, சொல்லின் அர்த்தத்தோடு அது எந்த வாக்கிய அமைப்பில் வரும் என்பதையும் காட்டும் அகராதியை 1942இல் டோக்கியோவில் வெளியிட்டார். இன்று ஆக்ஸ்ஃபோர்டு பெயரில் உலகம் முழுக்க மாணவர்கள் புரட்டுவது அதன் வாரிசைத்தான். 1978இல் வந்த லாங்மன் அகராதி சுமார் 2,000 எளிய சொற்களுக்குள் எல்லா விளக்கத்தையும் அடக்கியது. 1987இல் கோபில்ட் அகராதி ஒரு படி மேலே போய், ஆசிரியர் வாயால் சொல்வதுபோல முழு வாக்கியத்தில் அர்த்தம் சொன்னது. மூன்றும் எனக்குப் பிடித்தவை. ஆனால் இவை எல்லா நாட்டு மாணவருக்கும் பொதுவாக எழுதப்பட்டவை. பிரேசில் மாணவருக்கும் சுஜோ மாணவருக்கும் ‘ஓபன்’ என்றால் அதே விளக்கம்தான். “உன் மொழியில் இது கை, அந்தக் கை எல்லா இடத்திலும் செல்லாது” என்று எச்சரிக்க அவற்றால் முடியாது. உங்களால் முடியும்.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில் இது: பட்டியலை ஆங்கிலச் சொல்லிலிருந்து தொடங்காதீர்கள். சீனச் சொல்லிலிருந்து தொடங்குங்கள். சீனத்தில் ஒன்றாக இருந்து, ஆங்கிலத்துக்கு வரும்போது எது பிளந்துகொள்கிறதோ அதைத் தலைப்பாக வையுங்கள். கை என்று எழுதி, அதன் கீழே கதவு, பெட்டி, கண் என்றால் ஓபன். விளக்கு, விசிறி, டிவி என்றால் டர்ன் ஆன். கார் என்றால் டிரைவ். கூட்டம் என்றால் ஹேவ் அல்லது ஹோல்ட். தண்ணீர் என்றால் பாயில். பொருளோடு சேர்த்தே எழுதுங்கள். வினையைத் தனியாக எழுதினால் அது மறுபடியும் ஓடிப்போய்ச் சமக்குறியில் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து ‘கான்’. நம் ‘கண்’ணை நினைத்துக்கொண்டால் உங்களுக்கு மறக்காது. டிவி பார்ப்பது, டாக்டரைப் பார்ப்பது, புத்தகம் வாசிப்பது எல்லாம் கான்தான். அதனால்தான் “ஐ சா எ புக் லாஸ்ட் நைட்” என்று ஒருவர் சொன்னால், அவர் ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் படித்தாரா, அலமாரியில் இருந்ததைப் பார்த்தாரா என்று நமக்குத் தெரியாமல் போகிறது.

பேனா கடன் கேட்ட கதைக்குக் காரணம் ‘ஜியே’. வாங்குவதும் அதுதான், கொடுப்பதும் அதுதான். கூட வரும் சின்னச் சொற்கள் எந்தத் திசை என்று காட்டிவிடும். ஆங்கிலத்தில் வினைக்குள்ளேயே திசை இருக்கிறது. நான் பலகையில் ஒரு பேனா வரைந்து, என்னை நோக்கி வரும் அம்புக்குறிக்குப் ‘பாரோ’ என்றும், என்னை விட்டுப் போகும் அம்புக்குறிக்கு ‘லெண்ட்’ என்றும் எழுதுவேன். வேறு எந்த விளக்கமும் அவ்வளவு வேகமாக வேலை செய்ததில்லை.

‘வான்’ என்பதற்கு எல்லோரும் ‘ப்ளே’ என்று எழுதிவைத்திருப்பார்கள். நாற்பது வயதுக்காரர் “கம் டு மை ஹவுஸ் அண்ட் ப்ளே” என்று உங்களைக் கூப்பிட்டிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். வீட்டுக்கு வாங்க, பேசிக்கொண்டிருக்கலாம் என்கிறார், அவ்வளவுதான். பெரியவர்கள் ‘ப்ளே’ என்றால் அது விளையாட்டாகவோ வாத்தியமாகவோ இருக்கும், நண்பர்களோடு பொழுதுபோக்குவதற்கு ‘ஹேங் அவுட்’ என்று சொல்லிக்கொடுங்கள்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளக்கூடிய பிழைகள். எனக்கு உண்மையில் கவலை தருவது வேறொரு வகை. இலக்கணம் சரி, அர்த்தமும் சரி, ஆனால் சொல்லுக்குள் இருக்கும் மதிப்பு மாறிவிடும். ‘ஆம்பிஷன்’ என்று தேடினால் சீனத்தில் இரண்டு சொற்கள் கிடைக்கும். ‘ஷியோங் ஷின்’ வீர நெஞ்சு, பாராட்டு. ‘யே ஷின்’ காட்டு நெஞ்சு, பெரும்பாலும் பழிப்பு, அடுத்தவன் நாற்காலியைப் பறிக்க நினைப்பவனுக்குச் சொல்வது. என் மாணவி ஒருத்தியின் பரிந்துரைக் கடிதத்தில் அவள் ‘ஆம்பிஷியஸ்’ என்று எழுதியிருந்தார்கள். அவள் யே ஷின் என்றே படித்துவிட்டாள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் கேட்டபோது கண் கலங்கிவிட்டது.

‘ஷுவான் சுவான்’ இதைவிடப் பெரிய உதாரணம். ஒரு விஷயத்தை நாலு பேருக்குத் தெரியப்படுத்துவது என்று பொருள். பல் தேய்க்கச் சொல்லும் சுவரொட்டியும் அதுதான், கடை விளம்பரமும் அதுதான். பழைய அகராதிகள் எதிரே ‘ப்ராபகாண்டா’ என்று போட்டன. அந்த ஆங்கிலச் சொல்லில் பொய்யின் வாடை ஏறிவிட்டது. அங்கே ஆளும் கட்சியின் ஷுவான் சுவான் துறையே 1990களின் இறுதியில் தன் ஆங்கிலப் பெயரைப் ‘பப்ளிசிட்டி’ என்று மாற்றிக்கொண்டது. சீனப் பெயர் அப்படியே இருக்கிறது. உங்கள் மாணவர் நல்ல மனசோடு “ஐ வில் டூ ப்ராபகாண்டா ஃபார் அவர் நியூ ப்ராடக்ட்” என்று வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும் முன்னால் இதைச் சொல்லிவிடுங்கள். பட்டியலில் இப்படிப்பட்ட சொற்களுக்கு ஒரு ஓரக்குறி போடுங்கள்: பாராட்டா, பழிப்பா, நடுவா.

அவர்கள் ‘ஹி’யையும் ‘ஷி’யையும் மாற்றிச் சொல்வதைப் பட்டியலால் சரிசெய்ய முடியாது. பேச்சில் இரண்டுமே ‘தா’. பெண்ணுக்குத் தனி எழுத்து வேண்டும் என்று லியு பன்னொங் என்ற கவிஞர் 1920இல் வாதாடினார். அது எழுத்தில் நிலைத்தது, உச்சரிப்பு மாறவில்லை. நிறையப் பேசப் பேசத்தான் குறையும். பேச்சின் நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள்.

அப்புறம் ஒன்று. 300 சொற்களையும் ஆங்கில அகரவரிசையில் அடுக்காதீர்கள். அங்கே சொற்பட்டியல் புத்தகங்கள் பலவற்றில் முதல் சொல் ‘அபாண்டன்’, கைவிடு. அந்த ஒரு சொல்லைக் கற்றதும் எல்லோரும் படிப்பைக் கைவிடுகிறார்கள் என்று மாணவர்கள் தங்களுக்குள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அதில் நிஜம் இருக்கிறது. உருப்போடுவதற்குச் சீனத்தில் ‘பெய்’ என்பார்கள். முதுகுக்கும் அதே எழுத்துதான். புத்தகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒப்பிப்பது. உங்கள் ஒன்பது பேரும் வருஷக்கணக்காக அப்படி நின்றவர்கள். சொல் அவர்களிடம் நிறைய இருக்கிறது. எந்தச் சொல் எதனோடு சேரும் என்பதை மட்டும் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை.

இந்தச் சனிக்கிழமை பட்டியலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் கை என்ற எழுத்தை மட்டும் பெரிதாக எழுதி மேஜையில் வையுங்கள். அன்று காலையிலிருந்து தாங்கள் எதையெல்லாம் ‘கை’ செய்தார்கள் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆங்கில வினையை நீங்கள் எழுதுங்கள். என் வகுப்பில் ஒருமுறை 23 வந்தது. உங்கள் ஒன்பது பேருக்கு எத்தனை வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்