கதை எழுதுவதா, கதைகளைத் தொகுப்பதா?

கேள்வி: நான் மண்டபம் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள். இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டுத் தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். அம்மா கடலுக்குப் பாசி எடுக்கப் போகிறவர். கல்லூரி நாட்களிலிருந்து அறிவியல் புனைகதைகள் எழுதி வருகிறேன். ஒரு பத்திரிகைக்கு அனுப்பியபோது, “அறிவியலை எடுத்துவிட்டால் நல்ல குடும்பக் கதை” என்று பதில் வந்தது. என்னைப் போலவே எழுதும் பெண்கள் சிலர் அறிமுகமாகியிருக்கிறார்கள். எல்லோருடைய கதைகளையும் ஒரு தொகுப்பாகக் கொண்டுவரும் பொறுப்பை என்னிடம் ஒப்படைக்கப் பார்க்கிறார்கள். அதில் இறங்கினால் என் சொந்த எழுத்து நின்றுபோய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. பெண்ணியப் பார்வையோடு அறிவியல் கதைகளை எழுதுவதையும் தொகுப்பதையும் சேர்த்தே செய்து யாராவது நிலைத்திருக்கிறார்களா? நம் ஊரில் அது நடக்கிற காரியமா? என் கதை ஒன்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நிலைத்திருக்கிறார்கள். உங்கள் கேள்விக்கு நேரான விடையாக பமீலா சார்ஜன்ட் என்ற அமெரிக்க எழுத்தாளரின் வாழ்க்கையைச் சொல்வேன். 1948-இல் நியூயார்க் மாநிலத்து இதாகாவில் பிறந்து, பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்த அவருடைய முதல் சிறுகதை 1970-இல் அச்சேறியது. அடுத்த ஐந்தாண்டுக்குள், சொந்தமாக ஒரு நாவல்கூட வெளிவந்திராத நிலையில், பெண்கள் எழுதிய அறிவியல் கதைகளைத் திரட்டி ‘விமன் ஆஃப் வொண்டர்’ என்ற தொகுப்பை 1975-இல் கொண்டுவந்தார். பெயர் நிலைபெற்ற பிறகுதான் பிறருடைய கதைகளைத் தொகுக்கும் தகுதி வரும் என்று நீங்கள் எண்ணினால், அவர் அப்படிக் காத்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த நூலுக்கு அவர் எழுதிய நீண்ட முன்னுரை, மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ வெளிவந்த 1818-ஆம் ஆண்டிலிருந்து பெண்கள் இந்தத் துறையில் செய்திருப்பதை ஒரே தொடர்ச்சியாக வைத்துக் காட்டியது. இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பழைய இதழ்களில் கிடந்த கதைகள் ஒரே அட்டைக்குள் வந்ததும், ‘பெண்கள் அறிவியல் கதை எழுதுவதில்லை’ என்ற பேச்சுக்கு அந்தப் புத்தகத்தையே பதிலாக எடுத்து நீட்ட முடிந்தது. 1976-இலும் 1978-இலும் அடுத்த இரண்டு தொகுதிகள் வந்தன. 1995-இல் பழையதையும் புதியதையும் விரிவாகச் சேர்த்து மேலும் இரண்டு தொகுதிகளைக் கொண்டுவந்தார்.

இதனால் அவருடைய எழுத்து நின்றதா என்றால், நிற்கவில்லை. ஒரு விஞ்ஞானியின் மரபணு நகல்களாகப் பிறந்து வளரும் பிள்ளைகளைப் பற்றிய முதல் நாவல் 1976-இல் வந்தது. வெள்ளிக் கோளை மனிதர் வாழத்தக்க இடமாக மாற்றும் முயற்சியைப் பல தலைமுறைகளுக்கு நீட்டிச் சொல்லும் மூன்று நாவல்களை 1986, 1988, 2001 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டார். இந்த மூன்றில் முதலாவதற்கும் கடைசியானதற்கும் இடையில் பதினைந்து ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. அத்தனை காலமும் ஒரே கற்பனை உலகத்தைக் கைவிடாமல் வைத்திருந்த பொறுமையைத்தான் அவரிடம் நான் மிகவும் மதிக்கிறேன். இடையே அறிவியல் புனைகதைக்கான நெபுலா விருதும் கிடைத்தது.

ஆனால் உங்கள் பயம் வீண் என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. ஜூடித் மெரில் என்ற இன்னொரு எழுத்தாளருக்கு நேர்ந்தது அதற்குக் காரணம். முதலில் அவருடைய கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சார்ஜன்டின் 1975 தொகுப்பில் மெரில் எழுதிய ‘தட் ஒன்லி எ மதர்’ என்ற கதை இருக்கிறது. அணுகுண்டுக் காலத்தின் கதிர்வீச்சுக்கு நடுவே பிறந்த தன் குழந்தையின் உடல் எப்படி இருக்கிறது என்பதைப் பார்க்க மறுக்கும் ஒரு தாயின் கதை அது. தொலைவில் வேலை செய்யும் கணவனுக்கு அவள் எழுதும் கடிதங்களில், குழந்தை எத்தனை சீக்கிரம் பேசுகிறது என்ற பெருமைதான் நிறைந்திருக்கிறது. ஊருக்குத் திரும்பிய தகப்பன் குழந்தையைத் தூக்கும்போதுதான் கை கால் இல்லாத அந்த உடலை உணர்கிறான். ஆய்வுக்கூடமோ விண்கலமோ இல்லாமல், ஒரு வீட்டுக்குள் அறிவியலின் விளைவு முழுவதையும் கொண்டுவந்துவிட்ட கதை. உங்களிடம் ‘அறிவியலை எடுத்துவிடுங்கள்’ என்று சொன்னவருக்கு இதைத்தான் நான் படிக்கக் கொடுப்பேன். இந்தக் குடும்பத்திலிருந்து அறிவியலைப் பிரித்தால் கதையே இராது. முதலில் வந்தது 1948-இல், சார்ஜன்ட் பிறந்த அதே ஆண்டில். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து அதைப் புதிய வாசகர்களின் கையில் சேர்த்தது, எழுதியவருக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்த இன்னொரு பெண்.

அதே மெரில் 1956 முதல் பத்தாண்டுக்கும் மேலாக ஆண்டுதோறும் சிறந்த அறிவியல் கதைகளைத் தேர்ந்து தொகுத்தார். பழகிய இதழ்களோடு நிற்காமல் இலக்கியப் பத்திரிகைகளிலும் தேடிப் பிடித்துச் சேர்த்ததால், இந்த வகை எழுத்தின் எல்லையே அகலமானது. வியட்நாம் போர்க் காலத்தில், 1968-இல், அமெரிக்காவை விட்டுக் கனடாவில் குடியேறினார். 1970-இல் தம்மிடமிருந்த புத்தகங்களை டொராண்டோ பொது நூலகத்துக்கு வழங்கினார், அந்தச் சேகரம் இன்று அவர் பெயரால் விளங்குகிறது. இத்தனைக்கும் நடுவில், தொகுப்பு வேலை பெருகப் பெருக அவருடைய சொந்தப் புனைகதை அருகிப்போயிற்று. அந்த இழப்பு உண்மையானது. ஆண்டுதோறும் ஒரு தொகுப்பு என்று ஒப்புக்கொண்டால் ஆண்டு முழுவதும் பிறருடைய கதைகளைத்தான் படித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். ஆகவே, ஒரே ஒரு தொகுப்பு, அதற்கு ஒரு முடிவு நாள் என்று வரையறுத்துக்கொண்டு இறங்குங்கள். அடுத்த தொகுதியை உங்கள் தோழிகளில் ஒருவர் ஏற்கட்டும் என்பதையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

‘நம் ஊரில் நடக்கிற காரியமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. கமலா சத்தியநாதன் 1901-இல் தொடங்கிய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்ற ஆங்கில மாத இதழில்தான் ரொக்கேயா சகாவத் ஹொசேனின் ‘சுல்தானாவின் கனவு’ 1905-இல் வெளிவந்தது. ரொக்கேயா இன்றைய வங்கதேசத்து ரங்பூர் பகுதியில், கடுமையான பர்தா கடைப்பிடித்த குடும்பத்தில் 1880-இல் பிறந்தவர். பள்ளிக்குப் போக வழியில்லாமல் அண்ணனிடமும் அக்காவிடமும் எழுத்தறிந்தவர். அவர் கற்பனை செய்த நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள், பெண்கள் பல்கலைக்கழகங்களை நடத்துகிறார்கள். ஒரு பல்கலைக்கழகம் மேகத்திலிருந்து குழாய் வழியே நீரை இறக்கும் பலூனைக் கண்டுபிடிக்கிறது, இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேகரித்து வைக்கிறது. சமையலும் அந்த வெயிலில்தான், எதிரியின் படையை விரட்டுவதும் அந்த வெயிலால்தான். பீகாரில் கணவருடன் வாழ்ந்துகொண்டிருந்த இருபத்தைந்து வயதுப் பெண்ணின் இந்தத் துணிச்சலான கதைக்குச் சென்னையில் ஒரு பெண் ஆசிரியர் இடம் கொடுத்திருக்கிறார். ரொக்கேயாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் கமலாவை மறந்துவிடுவது எனக்கு வருத்தம் தரும் விஷயம். வாங்கி வெளியிட ஓர் இதழ் இல்லையென்றால் அந்தக் கதை பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கவும் கூடும். தமிழிலேயே, முறையான பள்ளிக் கல்வி இல்லாத வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்திக்கொண்டே நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார், அவர் எழுதியது வேறு வகைக் கதைகள் என்றாலும், ஆசிரியர் பொறுப்பும் எழுத்தும் ஒருவர் கையிலேயே இருக்க முடியும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்று நமக்குத் தேவையில்லை.

‘சுல்தானாவின் கனவை’ உங்கள் கடற்கரையில் உட்கார்ந்து படித்தால் அதற்குத் தனி வலிமை வரும் என்று நினைக்கிறேன். குடத்தைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு குடிநீருக்காகப் பெண்கள் நடக்கிற மாவட்டம் உங்களுடையது. அதே மாவட்டத்துக் கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இயங்குகிறது. ரொக்கேயாவின் நாட்டில் நீரும் வெயிலும் பெண்களின் பல்கலைக்கழகங்கள் வசம் இருந்தன. இங்கே அவை யார் வசம் இருக்கின்றன, இன்னும் ஐம்பது ஆண்டில் யார் வசம் இருக்கும் என்று கேட்பதற்கு உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஆண் இருந்த இடத்தில் பெண்ணை வைத்துவிட்டால் பெண்ணியக் கதை ஆகிவிடும் என்ற எண்ணத்தோடு நின்றுவிடக் கூடாது. 1905-இல் அந்தத் தலைகீழ் மாற்றமே ஒரு போர்க்குரலாக இருந்தது. 1986-இல் சார்ஜன்ட் எழுதிய ‘த ஷோர் ஆஃப் விமன்’ நாவலில், அணு அழிவுக்குப் பிந்திய உலகில் பெண்கள் மதில் சூழ்ந்த நகரங்களில் அறிவியல் வசதிகளோடு வாழ்கிறார்கள், ஆண்கள் வெளியே காட்டில் வேட்டையாடித் திரிகிறார்கள். அந்த நகரம் தன் பாதுகாப்புக்காக யாரை வெளியே தள்ளுகிறது, என்ன பொய்யைச் சொல்லி அவர்களை அடக்கி வைக்கிறது என்பதை, நகரத்திலிருந்து துரத்தப்பட்ட ஒரு பெண்ணின் வழியாகவே அவர் விசாரிக்கிறார். தாம் சார்ந்த பக்கத்தையும் விசாரணைக்கு நிறுத்தும் அந்த நேர்மையை நீங்களும் பழக வேண்டும்.

இனி உங்கள் கதைக்கு வருகிறேன். 2080-களில் கடல் சூடேறிப் போன பாம்பன் பக்கத்தில், பாசி எடுக்க இயந்திரங்களை இறக்கும் நிறுவனத்துக்கும் பாசி எடுக்கும் பெண்களுக்கும் இடையிலான கதை. விடியலுக்கு முன் அம்மா விரல்களில் துணிக் கிழிசலைச் சுற்றி, சேலைக்கு மேல் சட்டையை மாட்டி, ரப்பர் செருப்போடு, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு இறங்கும் பத்தி இருக்கிறதே, அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றாதீர்கள். பாரில், அதாவது கடலடிப் பாறையில், கைவைத்ததும் மரிக்கொழுந்துப் பாசி வழக்கம்போல் பிடித்துக்கொண்டிருக்காமல் வழுக்கிக்கொண்டு வருவதை அவர் உணர்ந்து, ஒன்றும் பேசாமல் வெறும் கையோடு மேலே வருகிறார். கதையின் அறிவியல் முழுவதும் அந்தக் கையில் இருக்கிறது. அடுத்த பக்கத்தில் சென்னையிலிருந்து வரும் இளம் விஞ்ஞானி, கடல்நீரின் அமிலத்தன்மையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் அவருக்குப் பாடம் நடத்துகிறார். அம்மா தலையாட்டிக்கொண்டு கேட்கிறார். அந்த ஒன்றரைப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். பிறை பார்த்து, நீரோட்டம் பார்த்து, எந்தப் பாரை எத்தனை நாள் தொடாமல் விட வேண்டும் என்று அறிந்து வேலை செய்கிற பெண்ணிடம் அந்த இளைஞர்தான் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியவர். 2016-இல் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்ததை உங்கள் ஊர்க்காரர்கள் கண்ணால் பார்த்தவர்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள், கருவியின் அளவீடும் அவர்கள் சொல்வதும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று எழுதுங்கள். இயற்பியல் படித்த உங்களுக்கு இரண்டும் புரியும்.

வருமானத்தைப் பொறுத்தவரை, இதில் குடும்பம் நடத்த முடியாது. பள்ளி வேலையை விட்டுவிடாதீர்கள்.

தொகுப்பு வேலையில் இறங்கும்போது சில காரியங்களைத் தொடக்கத்திலேயே ஒழுங்காகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு எழுத்தாளரிடமும் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கும் என்பது அந்தக் கடிதத்தில் தெளிவாக இருக்கட்டும். அறிமுகமான தோழிகளோடு வட்டத்தை மூடிவிடாமல் கீழக்கரை, தொண்டி, இராமேசுவரம் கல்லூரிகளுக்கு அறிவிப்பு அனுப்புங்கள். அறிவியல் கதை என்ற பெயர் தெரியாமலே அதை எழுதிக்கொண்டிருக்கும் பெண்கள் அகப்படுவார்கள். ஒரு கதையைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால், ஏன் என்று இரண்டு வரியாவது எழுதுங்கள். உங்களுக்கு வந்தது போன்ற பதில் இன்னொரு பெண்ணுக்குப் போகக் கூடாது. உங்கள் கதையைச் சேர்ப்பதானால், அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் தோழிகளிடம் விட்டுவிடுங்கள். காலையில் பள்ளிக்குப் போகுமுன் கிடைக்கும் நேரம் உங்கள் சொந்தக் கதைக்கு மட்டும். வந்த கதைகளைப் படிப்பது மாலையில். முன்னுரைக்கு மட்டும் ஒரு விடுமுறையை ஒதுக்கி, சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்கு ஒருமுறை போய்ப் பழைய பெண்கள் இதழ்களைப் புரட்டிப் பாருங்கள். உங்கள் தொகுப்பில் இருப்பவர்களுக்கு முன்னோடிகள் யார் என்பதை வாசகருக்குச் சொல்லும் கடமை தொகுப்பாசிரியருடையது. பதிப்பாளரிடம் பேசும்போது, ஐந்நூறு ரூபாயானாலும் சரி, ஒவ்வொரு எழுத்தாளருக்கும் கையில் பணம் போய்ச் சேர வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வையுங்கள்; புத்தகப் பிரதிகளை மட்டும் தருகிறேன் என்று சொல்பவரிடம் இன்னொரு முறை வற்புறுத்திக் கேளுங்கள், அதற்கும் இணங்காவிட்டால் வேறு பதிப்பாளரைத் தேடுங்கள்.