பொட்டலம் கொடுக்கிறோம், நிலைமை மாறவில்லை: அடுத்து என்ன செய்வது?

கேள்வி: எங்கள் சபை வாலிபர்கள் ஆறு மாதமாக ஞாயிறு இரவுகளில் சாலையோரம் படுத்திருப்பவர்களுக்கு உணவுப் பொட்டலம் கொடுக்கிறோம். வாங்கிக்கொள்கிறார்கள், பேசுவதில்லை. யாருடைய நிலையும் மாறவில்லை. ஜெபித்துவிட்டுக் கொடுத்தால்தான் பலன் என்று சில மூப்பர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: ஜெபத்தை உணவுக்கு முன்னால் நிபந்தனையாக வைக்காதீர்கள். பசித்தவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாதவரிடம் வாங்கும் ஆமென் யாருக்கும் உதவாது. பத்துக் குஷ்டரோகிகள் சுகமானார்கள், ஒருவன்தான் நன்றி சொல்லத் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேரின் சுகத்தை இயேசு பறித்துக்கொள்ளவில்லை. அவர்களாகக் கேட்டால் மனதார ஜெபியுங்கள்.

பேசாததற்குக் காரணம் பெரும்பாலும் நாம் போகும் விதம்தான். தூங்குகிறவரை இரவில் தட்டி எழுப்பினால் அடிக்க வந்திருக்கிறார்களோ என்றுதான் முதலில் பயப்படுவார். மாலையிலேயே போங்கள். வாரம் ஒரு முகம் வேண்டாம். அதே இரண்டு மூன்று பேர், அதே நேரம், அதே இடம். நின்றபடி குனிந்து பேசாமல், அனுமதி கேட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பெயரைக் கேட்டு நினைவில் வையுங்கள். பார்வையற்ற பர்திமேயுவின் தேவை கண்ணுக்கே தெரிந்தது. ஆனாலும் உனக்கு என்ன வேண்டும் என்று இயேசு கேட்டார். நீங்களும் கேளுங்கள்.

கேட்டால் வரும் பதில்கள் உங்களை ஆச்சரியப்படுத்தும். காய்ந்த காலுறை, குளிக்க ஓர் இடம், மாதவிடாய் நாப்கின், போனுக்குச் சார்ஜ். பல் போனவர்களுக்குக் கடினமான உணவு ஆகாது, சர்க்கரை நோயாளிக்கு இனிப்பு ஆகாது. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய பட்டினியாக இருந்தவருக்குத் திடீரென வயிறு நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் உப்புகளின் அளவு குலைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய தடை அடையாள ஆவணம். தொலைந்தோ திருடு போயோ இருக்கும். அது இல்லாமல் வேலை, வங்கிக் கணக்கு, அரசு உதவி எல்லாமே எட்டாக்கனி. புதிதாக வாங்க முகவரி கேட்பார்கள்; முகவரி இல்லாததுதானே பிரச்சினையே! இங்கே சபையால் உண்மையாகவே உதவ முடியும். சட்டம் அனுமதித்தால் ஆலய முகவரிக்கு அவர்களுடைய கடிதங்கள் வரட்டும். நகல்களைப் பத்திரமாக வைத்துக்கொடுங்கள். அலுவலகத்துக்கு ஒருவர் கூடவே போங்கள். தனியாக வந்தால் விரட்டப்படுகிறவருக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றாலே பேச்சின் தொனி மாறும்.

குடியை விட்டால்தான் உதவி என்று சொல்லாதீர்கள். 1992இல் நியூயார்க்கில் தொடங்கிய ஒரு திட்டம், மனநோயும் போதைப் பழக்கமும் இருந்தவர்களுக்கு, பழக்கத்தை விட வேண்டும், சிகிச்சை எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல் முதலில் வீடு கொடுத்தது. பெரும்பாலோர் அந்த வீட்டிலேயே நிலைத்தார்கள்.

புகைப்படம் கண்டிப்பாக வேண்டாம். வீட்டு வன்முறைக்குத் தப்பி வந்த பெண்ணை அந்தப் படமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒன்று விட்டுப்போனது. எருசலேம் சபையில் கிரேக்கம் பேசிய விதவைகள் பந்தியில் விடுபடுவதாக முறுமுறுப்பு எழுந்தபோது, பொறுப்புக்கு ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள்; விடுபட்டவர்களின் தரப்பிலிருந்தே ஆட்களை எடுத்தார்கள் போலும். உங்கள் குழுவிலும் தெருவில் வாழ்ந்த ஒருவரையாவது சேருங்கள். இன்று யார் இடம் மாறிப் படுத்திருக்கிறார், யார் இரண்டு நாளாக எழுந்திருக்கவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும்.