கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் வரலையா? ஏடிஎஸ் கேள்வி-பதில்

கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாக வருவதில்லை. சாவி போட்டால் உடனே ஓடுகிறது. ஏடிஎஸ் (கரண்ட் போனதும் வீட்டு லோடைத் தானாக ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச்) போய்விட்டதா?

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். சாவியில் ஓடினால் இன்ஜினும் பேட்டரியும் சரிதான். பேனல் செலக்டர் ‘ஆட்டோ’வில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சர்வீஸுக்கு வந்தவர் ‘மேனுவ’லில் விட்டுவிட்டுப் போவது சர்வசாதாரணம். அது சரியென்றால், ஏடிஎஸ்ஸிலிருந்து ஜெனரேட்டருக்குப் போகும் மெல்லிய கண்ட்ரோல் ஒயர்களைப் பாருங்கள். எலி கடித்திருக்கலாம், இன்ஜின் அதிர்வில் டெர்மினல் ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம். ஒயரை லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும். ஈபி இருக்கிறதா என்று பேனல் கவனிக்கும் ஒயரில் உள்ள சென்சிங் ஃபியூஸையும் விட்டுவிடாதீர்கள்.

‘டக் டக்’ சத்தம் மட்டும் வருகிறது.

பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் மாற்றிவிடுங்கள். புது பேட்டரியும் சீக்கிரம் படுத்தால் சார்ஜரைப் பாருங்கள். ஈபி இருக்கும்போது பேட்டரி முனையில் 13 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும்.

த்ரீ பேஸ் வீடு. ஒரு பேஸ் போய் பாதி வீடு இருட்டு. ஜெனரேட்டர் சும்மா நிற்கிறது!

நம்மூரில் அடிக்கடி வரும் தொல்லை. உங்கள் பேனல் ஒரே ஒரு பேஸை மட்டும் கவனிக்கிறது போலும். அந்த பேஸ் உயிரோடு இருக்கும்வரை அதற்கு எல்லாம் நலமே. மூன்று பேஸையும் பார்க்கும் வோல்டேஜ் மானிட்டரிங் ரிலே போட்டால் தீரும். கண்ட்ரோலரிலேயே அந்த வசதி இருந்து, யாரோ அணைத்தும் வைத்திருக்கலாம். செலவு செய்யுமுன் செட்டிங்கைப் பாருங்கள்.

கரண்ட் வந்தும் சில நிமிடம் ஓடிக்கொண்டே இருக்கிறது. டீசல் வீண்தானே?

வீணில்லை. ஈபி நிலைத்து நிற்கிறதா என்று ஒரு டைமர் காத்திருக்கும். லோடு மாறிய பிறகு, இன்ஜின் சூடு தணிய இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். அரைமணி ஓடினால் மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள்.

பேனலுக்குள் ‘கர்ர்ர்’ என்று சத்தம். திறந்து துடைக்கலாமா?

கான்டாக்டர் (லோடை மாற்றும் காந்த சுவிட்ச்) முழுதாக ஒட்டவில்லை. அதை இழுக்கும் காயிலுக்கு வோல்டேஜ் குறைவாக இருக்கலாம். இல்லாவிட்டால் இடையில் தூசி, எறும்பு. கருகிச் செத்த பல்லியும் அங்கே கிடப்பதுண்டு. துடைப்பது எலெக்ட்ரீஷியன் வேலை. ஈபி மெயினை மட்டும் அணைத்துவிட்டு யாரும் கவரைத் திறக்க வேண்டாம். ஆட்டோவில் இருந்தால் சில நொடியில் ஜெனரேட்டர் எழுந்து உள்ளே 230 வோல்ட்டை அனுப்பிவிடும். செலக்டரை ஆஃப் செய்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, மெயினையும் அணைத்து, மீட்டரில் சோதித்த பிறகே திறக்க வேண்டும்.