ரேடார் மட்டுமா காப்பாற்றியது?

அன்புள்ள ஐயா,

1940 பிரிட்டன் வான்போர் பற்றிய கட்டுரையில், லண்டன் அருகே அக்ஸ்பிரிட்ஜில் போர்விமானங்களுக்கு உத்தரவிட்ட சுரங்க அறைக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறீர்கள். பிரிட்டனைக் காப்பாற்றியது ரேடார் என்றுதான் நாங்கள் படித்தோம். மேஜைமேல் வில்லைகளை நகர்த்திக்கொண்டிருந்த ஓர் அறை அப்படி என்ன செய்துவிட்டது?

– ஆர்.

அன்புள்ள ஆர்.,

ரேடார் அப்போது ஜெர்மனியிடமும் இருந்தது. அவர்களுடைய ‘ஃப்ரேயா’ நுட்பத்தில் பிரிட்டிஷ் கருவியைவிட மேல் என்றே சொல்லலாம். ஆனால் கருவி கண்டதைச் சில நிமிடங்களில் விமானியின் காதில் சேர்க்கும் ஏற்பாடு பிரிட்டனிடம்தான் இருந்தது. அதைக் கட்டி எழுப்பியவர், 1936-இல் போர்விமானப் பிரிவின் தலைமைக்கு வந்த ஹியூ டவுடிங். அடியோடு புதிது என்றும் இல்லை. முதல் உலகப்போரிலேயே லண்டனைக் காக்கத் தளபதி ஆஷ்மோர் இப்படி ஒரு வரைபட மேஜையை வைத்திருந்தார்.

கரையோர ரேடார்கள் கடலைப் பார்த்து நின்றவை. எதிரி கரையைத் தாண்டிவிட்டால் அப்புறம் கண்ணும் காதும்தான். வானத்தைக் கண்காணித்த ‘அப்சர்வர் கோர்’ தொண்டர்கள் ஃபோனில் சொல்வார்கள். ஒரே விமானக் கூட்டத்தை இரண்டு ரேடார் நிலையங்கள் இரண்டு இடத்தில் காட்டும். அந்த ரேடார் தகவல்களை டவுடிங்கின் தலைமையகமான பென்ட்லி பிரையரியில் சலித்து அக்ஸ்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். அங்கே கீத் பார்க்கின் 11-ஆம் குரூப். லண்டனும் தென்கிழக்கும் அதன் பொறுப்பு. எந்த ஸ்குவாட்ரன் (விமான அணி) கிளம்ப வேண்டும் என்பது அங்கே முடிவாகும். கிளம்பியவர்களை வானொலியில் வழிநடத்துவது பிக்கின் ஹில், கென்லி போன்ற செக்டர் நிலையங்களின் வேலை.

செப்டம்பர் 15 அன்று சர்ச்சில் அக்ஸ்பிரிட்ஜ் அறைக்கு வந்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அங்கிருந்த சுவர்க் கடிகாரம். அதன் முகத்தை ஐந்தைந்து நிமிடமாகப் பிரித்துச் சிவப்பு, மஞ்சள், நீலம் பூசியிருந்தார்கள். தகவல் வரும்போது முள் எந்த நிறத்தில் நிற்கிறதோ, அந்த நிற வில்லையைப் பெண்கள் மேஜையில் வைப்பார்கள். மேலே இருந்து பார்க்கும் அதிகாரிக்கு எது பழைய செய்தி என்பது யாரையும் கேட்காமலே தெரிந்துவிடும். ஐந்து நிமிடத்தில் ஒரு குண்டுவீச்சு விமானம் சுமார் 25 கி.மீ. போய்விடுமே!

ஜெர்மானியருக்கு இது சரியாகப் பிடிபடவில்லை. ஆகஸ்ட் 12 அன்று ரேடார் நிலையங்களைத் தாக்கி, அவற்றில் ஒன்றான வென்ட்னரை முடக்கினார்கள். மூன்றே நாளில், இந்தத் தாக்குதலைத் தொடர்வதில் பயனுண்டா என்று ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் சந்தேகப்பட்டார். மாதக் கடைசியில் பிக்கின் ஹில் கட்டுப்பாட்டு அறை குண்டில் சிதைந்தது. அங்கிருந்தவர்கள் ஊருக்குள் ஒரு கடையில் மேஜையைப் போட்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.